பொறாமைக்கு மருந்தில்லாத ஆஸ்பத்திரி

அத்தியாயம் 7

தன் புருஷனைக் கட்டிக்கொண்டவளே போன் போட்டு, "அக்கா, நீங்கதான் காப்பாத்தணும்" என்று கெஞ்சினால் யாருக்கும் காது குளிரத்தான் செய்யும். சபாஹத்துக்கும் குளிர்ந்தது. ஆனால் காரில் ஏறி உட்கார்ந்ததும், அந்தக் குரல் கெஞ்சும்போதுகூட எவ்வளவு இனிமையாக இருந்தது என்ற நினைப்பு வந்துவிட்டது. குளிர்ந்த காதெல்லாம் எரிய ஆரம்பித்தது.

"அக்கா தலையில ஆவி பறக்குது. மேல கெட்டிலை வச்சா ரெண்டு பேருக்கு டீ போடலாம்," என்றான் துர்சுன்.

பன்னிரண்டு வருஷம் மினிபஸ் ஓட்டியவன் துர்சுன். இப்போது சபாஹத்துக்கு உதவியாளன், டிரைவர், கேட்காமலே கருத்துச் சொல்பவன். சபாஹத் போலீஸ் வேலையை விட்டு, துருக்கியின் தோகாத் ஊர்க் கடைத்தெருவில் பேக்கரிக்கு மேல் மாடியில் துப்பறியும் அலுவலகம் திறந்து மூன்று வருஷம் ஆகிறது. புருஷன் வெதாத்தை விட்டு வந்ததும் அதே மூன்று வருஷம்தான். இரண்டில் எது நல்ல முடிவு என்று அவளை யாரும் கேட்கக்கூடாது.

"வழியைப் பாத்து ஓட்டு."

"பாத்துக்கிட்டுதான் இருக்கேன். புருஷனைத் தூக்கிட்டுப் போனவளோட பொருளை எவனோ தூக்கிட்டுப் போயிட்டான். கடவுளுக்குக் கணக்கு நல்லாவே வருது அக்கா."

பழைய ஆஸ்பத்திரி ஆற்றங்கரையில் இருந்தது. எழுநூறு வருஷத்துக்கு முன் ஒரு ராணி கட்டியது. புத்தி பேதலித்தவர்களுக்குத் தண்ணீர்ச் சத்தத்தையும் குழலிசையையும் மருந்தாகக் கொடுத்த இடம். இப்போது அறுவை சிகிச்சை நடந்த அறையில் நூலகம். சமையற்கட்டில் பெண்கள் தண்ணீர்மேல் சாயம் தெளித்துக் காகிதத்தில் ஓவியம் எடுக்கிறார்கள். பைத்தியங்களைப் பூட்டி வைத்த கூடத்தில் நாணற்குழல் குழு பயிற்சி செய்கிறது. இத்தனைக்கும் நிர்வாகி வெதாத். குழல் குழுவுக்குத் தலைவி, போன் போட்ட அந்த நில்குன். ஊரில் ஆயிரம் கட்டிடம் இருக்க, அந்த இரண்டு பேரையும் ஒரே கூரைக்குக் கீழே வேலைக்கு வைத்த மகானைச் சபாஹத் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறாள்.

முற்றத்துக் குளத்தருகே வெதாத் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றான். புதுச் சட்டை. நீல நிறம் அவனுக்குப் பொருந்தாது என்று பத்தொன்பது வருஷம் சபாஹத் சொல்லி வந்தாள். நாசமாய்ப் போக, நன்றாகத்தான் பொருந்தியது.

"இப்ப மணி ரெண்டு. ஆறு மணிக்குக் கச்சேரி," என்றான். "கோன்யாவுல இருந்து பெரியவங்க வர்றாங்க. அவங்க குடும்பத்துக் குழல், நூத்தம்பது வருஷத்துப் பழசு. இன்னிக்கு வாசிக்கறதுக்காக நம்பிக் குடுத்தாங்க. நேத்து ஒத்திகையில இருந்துச்சு. காலையில அலமாரியைத் திறந்தா வெறும் பெட்டி."

"சாவி யார்கிட்ட இருந்துச்சு?"

"நில்குன்கிட்ட ஒண்ணு. துப்புரவு பண்ற ஹாஜர்கிட்ட ஒண்ணு. இதுல யோசிக்க என்ன இருக்கு? ஆறு மணிக்குள்ள குழல் வரலைன்னா அந்த ஹாஜரைப் போலீஸ்ல பிடிச்சுக் குடுத்துடுவேன்."

அவன் காட்டிய பக்கம் ஒரு பெண் சுவரோரம் ஏப்ரனோடு உட்கார்ந்திருந்தாள். முப்பது வயசு இருக்கும். அழுது முடித்த முகம். ஆறு வாரத்துக்கு முன்தான் வேலைக்குச் சேர்ந்தவள். இரண்டு பெண் குழந்தைகள், புருஷன் இல்லை. காலை எட்டு மணிக்கு, ஓவியம் கற்க வந்த பெண்கள் அத்தனை பேருக்கும் நடுவில், வெதாத் அவளைத் திருடி என்று சொல்லியிருக்கிறான்.

"சாவி நில்குன்கிட்டயும் இருக்குன்னு சொன்னீங்களே?" என்றாள் சபாஹத். பத்தொன்பது வருஷம் 'நீ' என்று கூப்பிட்டவனை இப்போது 'நீங்க' என்றாள். அதில் மரியாதை ஒரு சொட்டும் இல்லை.

"சபாஹத், ஆரம்பிச்சிடாதே."

ஒத்திகைக் கூடத்து வாசலில் நில்குன் காத்திருந்தாள். நாற்பத்திரண்டு வயசு, மெல்லிய கழுத்து, பார்த்தவுடனே யாருக்கும் பிடித்துப்போகிற சிரிப்பு. சபாஹத் அந்தக் கழுத்தை மட்டும் பார்க்காமல் இருக்கப் பார்த்தாள்.

"ஒரு சின்ன விஷயம் அக்கா. செருப்பைக் கழட்டி முனை உள்பக்கம் பாக்கற மாதிரி விடுங்க. இந்தக் குழு சூஃபி மடத்து வழக்கத்தைப் பின்பத்துது. போகும்போதும் நாங்க கூடத்துக்கு முதுகு காட்ட மாட்டோம். அப்படியே பின்னால நடந்து வந்து போட்டுக்குவோம்."

"முனை வெளிப்பக்கம் இருந்தா என்ன, மாடு முட்டுமா?" என்றான் துர்சுன்.

"மடத்துல ஒருத்தரை விலக்கணும்னா வாயைத் திறந்து சொல்ல மாட்டாங்க. அவர் செருப்பை வெளியே பாக்கத் திருப்பி வச்சிடுவாங்க. நடையைக் கட்டு, இனி இந்த வாசலை மிதிக்காதேன்னு அர்த்தம்."

"ரொம்ப நாகரிகம். எங்க மினிபஸ் சங்கத்துல செருப்பைத் தூக்கி மூஞ்சியிலயே எறிஞ்சுடுவானுங்க."

சபாஹத் ஒரு கையால் சுவரைப் பிடித்து, பல்லைக் கடித்துக் குனிந்து காலணியைக் கழற்றினாள். முழங்கால் அவளைவிட இருபது வருஷம் மூத்தது. சுவரோரம் இருந்த ஹாஜர் உதவிக்கு எழப்போய், வெதாத் பார்ப்பதைக் கண்டு மறுபடி உட்கார்ந்துகொண்டாள்.

கூடத்தில் அலமாரி உடைபடவில்லை. மரப்பெட்டிக்குள் குழல் இருந்த பள்ளம் காலியாக இருந்தது. ஓரத்தில் ஒரு பட்டுத்துணி நாலாக மடித்து வைக்கப்பட்டிருந்தது. பிரித்தால், உள்ளே கொம்பில் கடைந்த ஊதுவாய். வெள்ளிப் பூண் போட்டது.

"இது யாரோடது?"

"ரவூஃபோடது அக்கா. இன்னிக்கு முதல் வாசிப்பு அவரோடதுதான். இஸ்தான்புல்ல இருந்து வந்திருக்கார். குழல் யாரோடதா இருந்தாலும் ஊதுவாயை அவங்கவங்க சொந்தமாத்தான் மாட்டுவோம்."

"அப்ப திருடன் இதை மட்டும் கழட்டி, துணியில சுத்தி, பத்திரமா வச்சிட்டுப் போயிருக்கான்." சபாஹத் அதை உள்ளங்கையில் உருட்டினாள். "துர்சுன், நீ திருடனா இருந்தா எதை எடுப்பே?"

"வெள்ளி இருக்கறதைத்தான். நாணல் ஆத்தங்கரை முழுக்க சும்மாவே கிடக்குதே."

"ஹாஜரும் அதைத்தான் எடுத்திருப்பா. இன்னொருத்தன் வாயில வச்சதை எடுக்கக் கூசற கை இது. எடுத்தது குழல் ஊதற ஆளு." அவள் நில்குனை நிமிர்ந்து பார்த்தாள். "உன்னை மாதிரி."

நில்குனின் முகம் வெளுத்தது. அதைப் பார்த்ததில் சபாஹத்துக்குக் கிடைத்த சந்தோஷத்தை வெளியே சொல்ல முடியாது.

"குழுவுல ஊதறவங்க எத்தனை பேரு?"

"நான், ரவூஃப், இல்ஹாமி பே. மத்தவங்க எல்லாம் தந்தி, தோல். இல்ஹாமி பே பதினஞ்சு வருஷமா இருக்கார். நேத்து ஒத்திகை பாதியிலயே உடம்புக்கு முடியலைன்னு போயிட்டார். இன்னிக்கு வந்தவர் முற்றத்துல உக்காந்துக்கிட்டு உள்ளேயே வர மாட்டேங்கறார். கோபம் போல."

துர்சுன் ஜன்னல் வழியே பார்த்தான். எல்லோரும் 'பே', அதாவது ஐயா, என்று மரியாதையாகச் சொல்லும் அந்த ஐம்பது வயசுக்காரர் இடுப்பில் அகலப் பட்டை கட்டி, கல் பெஞ்சில் கம்பு மாதிரி விறைப்பாக உட்கார்ந்திருந்தார். மடியில் தோல் குழல்பெட்டி.

"அவரைக் கொஞ்சம் தட்டிப் பாக்கலாமா அக்கா?"

"இடுப்பு வளையாத மனுஷன் எங்க போகப் போறாரு? அப்புறம் பாக்கலாம்."

அப்புறம் பார்க்கலாம் என்று சொன்னது துப்பறிவாளர் அல்ல. ஒரு காலத்தில் பெண்டாட்டியாக இருந்தவள். அது அவளுக்கே தெரியும். தெரிந்தும் நாற்காலியை நில்குனுக்கு எதிரே இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"முதல் வாசிப்பை யார் வாசிக்கறதுன்னு முடிவு பண்ணினது யாரு?"

"கோன்யாக்காரங்க. நான் என் பேரைத்தான் எழுதிக் குடுத்திருந்தேன். அவங்க ரவூஃப்தான் வேணும்னுட்டாங்க."

"வலிச்சுதா?"

"ரெண்டு ராத்திரி தூங்கலை."

"உன் சாவி, உன் அலமாரி, உன் வயித்தெரிச்சல். பெட்டியைத் திற."

நில்குன் மறுபேச்சில்லாமல் தன் குழல்பெட்டியைத் திறந்து காட்டினாள். ஐந்து குழல்கள், ஐந்தும் புதுசு. கைப்பையைக் கொட்டச் சொன்னாள் சபாஹத். கோட்டை உதறச் சொன்னாள். அலமாரி மேலே, கம்பளத்துக்குக் கீழே, பியானோவுக்குள் எல்லாம் துர்சுனை ஏறி இறங்க வைத்தாள். மணி மூன்றரை ஆனது. நாலரை ஆனது. கைப்பையில் வெதாத்தின் மாத்திரை அட்டை ஒன்று கிடைத்தது. அவனுக்கு ரத்த அழுத்தம் வந்திருப்பதே சபாஹத்துக்குத் தெரியாது. அந்த அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு தேவைக்கு மேல் நேரம் நின்றாள்.

"அக்கா," என்றான் துர்சுன் மெதுவாக, தலையெல்லாம் ஒட்டடையோடு. "இப்ப நாம தேடறது குழலையா, வேற எதையாவதா?"

"வாயை மூடு."

"மூடிக்கிறேன். ஆனா வெளியே ஒரு பொண்ணு மணியைப் பாத்துப் பாத்துச் செத்துக்கிட்டிருக்கு."

சபாஹத் எழுந்தாள். ஒன்றும் கிடைக்காத கோபத்தோடு வாசலுக்கு வந்தாள். அங்கேயே கல்லாக நின்றுவிட்டாள்.

வாசலில் மூன்று ஜோடிக் காலணிகள் இருந்தன. நில்குனுடையது உள்ளே பார்த்தது. துர்சுனின் பிய்ந்த ஷூவும் உள்ளே பார்த்தது. சபாஹத்தின் கறுப்புக் காலணி மட்டும் அழகாக ஜோடி சேர்த்து, முனை வெளியே பார்க்கத் திருப்பி வைக்கப்பட்டிருந்தது.

அவளுக்கு உச்சந்தலை வரை ரத்தம் ஏறியது. வீடு போதாதா? புருஷன் போதாதா? கூப்பிட்டனுப்பி, கெஞ்சி, அக்கா அக்கா என்று குழைந்து, கடைசியில் செருப்பாலேயே பதில் சொல்கிறாளா?

"அடியே!" என்று திரும்பினாள். "என்னடி இது? வாயால சொல்லத் துப்பில்லையா உனக்கு? போன்னா போயிட்டுப் போறேன்!"

நில்குன் வாசலைப் பார்த்தாள். அவள் கண்கள் விரிந்தன. "சத்தியமா நான் இல்லை அக்கா! நான் உங்ககூடவேதானே உள்ளே இருந்தேன்!"

அது உண்மை. இரண்டரை மணி நேரமாகச் சபாஹத் அவள்மேல் இருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

"நான்தான்கா," என்று ஒரு சின்னக் குரல் வந்தது. ஹாஜர் ஏப்ரன் நுனியை முறுக்கியபடி நின்றாள். "தப்பா? முட்டி வலியோட நீங்க கழட்டினதைப் பாத்தேன். வெளியே பாக்க வச்சா திரும்பாம, குனியாம அப்படியே காலை நுழைச்சுக்கலாமேன்னு... எங்க வீட்டுல விருந்தாளி செருப்பை அப்படித்தான் திருப்பி வைப்போம். மரியாதைக்கு."

"இந்த இடத்துல அப்படி வைக்கக்கூடாது ஹாஜர்," என்றாள் நில்குன். "புதுசா வர்ற எல்லாருக்கும் நான் சொல்றதுதானே?"

"எனக்கு யாரும் சொல்லலியே அம்மா."

துப்புரவுக்காரிக்கு எவர் சொல்லப்போகிறார்?

சபாஹத்தின் கோபம் இறங்கிவிட்டது. இறங்கிய இடத்தில் மூளை வேலை செய்ய ஆரம்பித்தது. ஒரு ஜோடி செருப்பைப் பார்த்து அரை நிமிஷத்தில் ஒரு பெண்ணை அடிக்கப் போய்விட்டாள். அந்த வழக்கத்தை அவள் கேள்விப்பட்டதே இன்று மத்தியானம்தான். அதிலேயே ஊறிப்போன மனுஷன் ஒருவன் பார்த்திருந்தால்?

"ஹாஜர், இதுக்கு முன்னாடி வேற யார் செருப்பையாவது இப்படித் திருப்பி வச்சியா?"

"ஒருத்தரோடதுதான்கா. நேத்து. இல்ஹாமி பேயோடது. தினமும் சுவத்தைப் பிடிச்சுக்கிட்டுக் குனிய முடியாமத் தவிப்பாரு, பாவம். என் சின்னவளுக்கு இருமல்னு சொன்னப்ப, அவருதான் டாக்டர்கிட்டப் பேசி மருந்து வாங்கிக் குடுத்தாரு. என்னால வேற என்ன பண்ண முடியும்?"

துர்சுன் நெற்றியில் அடித்துக்கொண்டான்.

முற்றத்தில் நாற்காலிகள் போட ஆரம்பித்திருந்தார்கள். இல்ஹாமி அதே பெஞ்சில், அதே விறைப்பில் இருந்தார். பக்கத்தில் டீ தொடாமலே ஆறிப்போயிருந்தது. சபாஹத் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இல்ஹாமி பே, உங்க பெட்டியில எத்தனை குழல் இருக்கு?"

"ஏழு."

"நேத்துக் காலையில எத்தனை இருந்துச்சு?"

அவர் மடியில் இருந்த பெட்டியின் மூடியைத் தடவினார். "ஆறு," என்றார்.

காலையில் இருந்து அத்தனை பேர் கண் முன்னால், அவர் மடியிலேயே இருந்திருக்கிறது. வெதாத் துப்புரவுக்காரியின் பையைக் கொட்டிப் பார்த்தான். கலைஞரின் பெட்டியைத் திறக்க அவனுக்குத் தோன்றவில்லை. சபாஹத் திறந்தது ஒரே ஒரு கலைஞரின் பெட்டியை. ஏன் அந்த ஒன்றை மட்டும் என்று துர்சுன் கேட்காமல் இருந்ததே பெரிய உபகாரம்.

"ரவூஃப் வந்த அன்னிக்கே எனக்கு வயிறு எரிய ஆரம்பிச்சிடுச்சு," என்றார் இல்ஹாமி. "மூணு நாளா நில்குன் அவன்கிட்டதான் பேசறா, அவன் வாசிச்சா கண்ணை மூடிக்கறா. இருக்கட்டும், விருந்தாளிதானேன்னு பொறுத்தேன். நேத்து இடைவேளையில வெளியே வந்தா எல்லார் செருப்பும் உள்ளே பாக்குது. என்னோடது மட்டும்... பதினஞ்சு வருஷம்மா. முகத்தைப் பாத்துச் சொல்லியிருந்தா போயிருப்பேன். செருப்பால சொன்னாங்க. நான் இல்லாத இடத்துல அவன் எப்படி வாசிக்கறான் பாக்கலாம்னு, எல்லாரும் டீ குடிக்கப் போனப்ப கோபத்துல திரும்ப உள்ளே போய் எடுத்துட்டேன். அவன் பங்கு முடிஞ்சு குழல் பெட்டிக்குள்ள இருந்துச்சு, அலமாரி திறந்துதான் கிடந்துச்சு, அப்புறம் பெட்டியைப் பாக்காமலே பூட்டிட்டாங்க."

"காலையில இருந்து ஹாஜர் அழறதைப் பாத்துக்கிட்டுதானே இருக்கீங்க?"

"திருப்பி வைக்கத்தான் வந்தேன். வாசல் வரைக்கும் நாலு தடவை போனேன். விலக்கப்பட்டவன் வாசலைத் தாண்டக்கூடாது. நேத்துக் கோபத்துல தாண்டிட்டேன், இன்னிக்குக் கால் எழும்பலை."

திருடத் தயங்காத மனுஷன் வாசல்படி தாண்டத் தயங்கியிருக்கிறார். இந்தக் கூடத்தில் ஊறியவனைத் தவிர வேறு எந்தத் திருடனுக்கும் இந்தக் கஷ்டம் வந்திருக்காது.

"உங்களை யாரும் விலக்கலை," என்றாள் சபாஹத். யார் திருப்பி வைத்தது, எதற்காகத் திருப்பி வைத்தது என்று ஒரே மூச்சில் சொன்னாள்.

இல்ஹாமி ஹாஜரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு வளையாத இடுப்போடு அப்படியே முகத்தை மூடிக்கொண்டு, குழந்தை மாதிரி அழுதார்.

ஐந்தேகாலுக்குக் குழல் கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. வெதாத் நெற்றியைத் துடைத்துக்கொண்டான். "முடிஞ்சுது. விஷயம் நமக்குள்ளேயே இருக்கட்டும். இல்ஹாமி பே, இன்னிக்கு நீங்க வீட்டுக்குப் போங்க. ஹாஜர், தப்பா எடுத்துக்காதம்மா. போய் வேலையைப் பாரு."

ஹாஜர் நகரவில்லை.

"தப்பா எடுத்துக்காம இருக்க எனக்குத் தெரியாதுங்க," என்றாள். "என்னைத் திருடின்னு சொன்னது இந்த ரூமுக்குள்ள இல்லை, முற்றத்துல. கேட்டவங்கள்ல மூணு பேரு என் தெருக்காரங்க. இந்நேரம் அந்தப் பேச்சு என் பொண்ணுங்க பள்ளிக்கூடம் வரைக்கும் போயிருக்கும். சொன்ன இடத்துலயே, எல்லாரும் இருக்கும்போது, இல்லைன்னு சொல்லுங்க."

"இன்னிக்கா? கோன்யாக்காரங்க முன்னாடியா? உனக்கென்ன பைத்தியமா?"

"அவ கேக்கறது சரி வெதாத்," என்றாள் நில்குன்.

வெதாத் அவளைப் பார்த்தான், தரையைப் பார்த்தான், சரி என்று தலையை ஆட்டினான். ஒரே ஒரு வார்த்தைக்கு! சபாஹத் ஒரு சமையலறை ஜன்னலை மாற்ற வைக்க நாலு வருஷம் பேசியிருக்கிறாள். எரிந்து தணிந்த இடம் மறுபடி பற்றிக்கொண்டது.

"அக்கா, மறுபடியும் ஆவி," என்று கிசுகிசுத்தான் துர்சுன்.

ஆறு மணிக்கு முற்றத்தில் முந்நூறு பேர் இருந்தார்கள். வாத்தியக்காரர்கள் வரும் முன்பே, யாரும் கூப்பிடாமல், இல்ஹாமி சுவரைப் பிடித்துப் பிடித்து மேடை ஏறினார். "நேத்து இங்கே காணாமப்போன குழலை எடுத்தது நான். காரணம் பொறாமை," என்றார். வேறெதுவும் சொல்லாமல் இறங்கினார். கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்து அடங்கியது.

அடுத்து வெதாத் மைக் முன்னால் வந்து நின்றான். கோன்யாப் பெரியவர்களை அவன் பார்க்கவில்லை. முன்வரிசைக்கு ஓரமாக, ஏப்ரனைக் கழற்றாமல், இரண்டு பெண் குழந்தைகளின் கையைப் பிடித்து நின்றவளைப் பார்த்தான்.

"ஹாஜர் குல்தெகின் அவர்களே," என்றான். "இன்னிக்குக் காலையில, இதே இடத்துல, உங்களைக் கேக்காம, விசாரிக்காம, உங்க மேல பழி போட்டேன். தப்பு முழுக்க என்னோடது. என்னை மன்னிச்சிடுங்க."

அவன் குரல் உடைந்திருந்தது. கண் நிஜமாகவே கலங்கியிருந்தது.

தூண் ஓரமாக நின்ற சபாஹத் அதைக் கேட்டாள். வெதாத்துக்கு இந்த வார்த்தைகள் தெரியும் என்பதே பத்தொன்பது வருஷம் கூட வாழ்ந்த அவளுக்கு அன்றுதான் தெரிந்தது. பக்கத்தில் துர்சுன் அவள் முகத்தைப் பார்த்து, கார் சாவியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டான். மேடையோரம் நில்குன் பட்டுச் சால்வையில் அத்தனை அழகாக நின்றிருந்தாள். சபாஹத் அவள் பக்கம் திரும்பவே இல்லை. இந்த முறை அவள் பொறாமைப்பட்டது ஹாஜரைப் பார்த்து.